ஏமாற்றத் தீவுகள், ஒட்டுசுட்டான்

மழை பிடித்துக்கொண்டது.
கருவிக்கு ரெக்சின் போர்த்தி
பாலை மரத்தடியில் நிறுத்திவிட்டு
ஜீப்புக்குள் ஏறினோம்:
நில அளவையாளர் சுகிர்தினி,
சாரதி அந்தோனிமுத்து,
அளவுகோல் பிடிக்கிற நான்.

வரைபடத்தில் ஒரு நீலத் திட்டு.
பக்கத்தில் எழுத்தில்லை.
"பேர் ஒண்டு வேணும்" என்றாள்,
"இல்லாட்டிக் கந்தோரில ஆரோ வைப்பினம்."

"முல்லைத்தீவு எண்டு வைச்சவனைப் பிடிச்சுக்
கேளுங்கோ மிஸ்,
எங்கை தீவு?" என்றான் அந்தோனிமுத்து,
கண்ணாடியில் நீராவி துடைத்தபடி.

அதற்குத்தான் அவள் பசுபிக் கடலை
ஜீப்புக்குள் கொண்டுவந்தாள்.
இருநூற்று அறுபது வருசத்துக்கு முந்தி ஒரு கப்பல்.
முரசு வீங்கிப் பல்லாடுகிற மாலுமிகள்.
தூரத்தில் தென்னை.
தென்னையைக் கண்டதும் நாக்கு ஊறியிருக்கும்.
ஆனால் நங்கூரம் பிடிக்க நிலமில்லை,
பவளம் சுவர்போல இறங்குகிறது ஆழத்துக்கு.
கரையில் ஈட்டியோடு ஆட்கள்.
கப்பல் தலைவன் தாளில் எழுதினான்
ஏமாற்றத் தீவுகள் என்று.
பாய் விரித்துப் போய்விட்டான்.
தாள் போகவில்லை.
இன்றைக்கும் உலகப்படத்தில் அதுதான்.

"ஆருக்கு ஏமாற்றம்?"
அந்தோனிமுத்துவுக்கு மனம் ஒப்பவில்லை.
"அங்கை இருந்ததுகளுக்கு அண்டைக்கு
நல்ல நாளெல்லோ. வந்தவன் போயிட்டான்."

அதிலொரு தீவை அங்குள்ளவர்கள்
நாபுகா என்பார்களாம்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.
கேட்பதற்கு முதலில் இறங்க வேண்டும்.

மழை தூறலானது.
சுகிர்தினி கோப்பைத் திறந்தாள்.
"வவுனியாவில ஒருத்தர் சொன்னவர்,
இது பொய்க்குளமாம்.
ஏனெண்டு அவருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும்.

அந்த மார்கழி, கலனோடு வந்தேன்.
பின்னால் உழவுயந்திரத்தில் பதினொரு பேர்,
அதிலொன்று கைக்குழந்தை.
கட்டு உடைந்து இரவோடு தண்ணீர் ஓடியிருந்தது.
சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.
வெறுங்கலனோடு திரும்பி
"பொய்க்குளம்" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
முகாமில் அது வாய்க்கு வாய் போனது,
காணாதவர்களும் சொன்னார்கள்,
பொய்க்குளத்தடியில் சைக்கிளை விட்டது,
பொய்க்குளம் தாண்டித்தான் மாமாவுக்குப் பட்டது.
நான் வாய்க்குள் வைத்திருந்த தாள் அது.

இப்போது கட்டு இறுகிக் கிடக்கிறது.
தண்ணீர் மருதங்களின் இடுப்புவரை.
தாராக்கள் எங்களைப் பொருட்படுத்தவில்லை.
கலிங்கடியில் ஒரு பெண் முழங்கால் நீரில்
வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன மீன் அக்கா?"
"யப்பான்."
"யப்பானிலயிருந்து வந்ததோ?"
"உதிலயிருந்து வந்தது" என்று
தண்ணீரைக் காட்டினாள்.

"குளத்துக்கு என்ன பேர்?"
"குளம்."
"அது சரி, பேர்?"
"குளத்துக்குப் போறன் எண்டால்
வீட்டில விளங்கும் தானே."

சுகிர்தினி பென்சிலைக் கடித்தாள்.
படிவத்தில் அந்தப் பதிலுக்குக் கட்டமில்லை.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"பொய்க்குளம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ, அண்ணை?"

"அது வேறை குளம், மிஸ்" என்றேன்.
"அங்காலை. காட்டுக்குள்ளை.
இப்ப தூர்ந்து போச்சு."

பொய்தான்.
அந்தோனிமுத்து என்னை ஒருதரம் பார்த்துவிட்டு
பீடி பற்றவைத்தான்.

அவள் அழித்தாள். ரப்பர் தூளை ஊதினாள்.
கட்டம் வெறுமையாகவே கிடந்தது.
வலைக்காரி தோளில் வலையைப் போட்டுக்கொண்டு
ஈரத் தடம் பதியப் போனாள்.
அவளுடைய பெயரை
நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

"கோலை நிமிர்த்திப் பிடியுங்கோ அண்ணை, சரியுது."
இறங்கினேன்.
கணுக்கால், முழங்கால், பிறகு தொடை.
அடியில் சேறு மெத்தென்று வாங்கிக்கொண்டது.